தண்ணீர் பிரியும் மேட்டில் மூன்று பேர்

1

சவரிமுத்து வாத்தியார் ஆவூரில் போய் இறங்கியதும் ஊரில் இருக்கிற நீங்கள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, மற்ற இரண்டு பேரும் எங்கே என்பதாம். அவரே எழுதியிருக்கிறார். "மலையிலே விட்டுட்டு வந்துட்டேன்" என்று பதில் சொன்னாராம். அவருக்கு அது வேடிக்கை. கடிதங்கள் வந்து சேருவது எனக்கு. இந்த மாதம் மட்டும் ஏழு கடிதம், ஏழிலும் ஒரே கேள்வி. ஆகையால் அந்த ஏழு பேருக்கும், கேட்க நினைத்துத் தபால்தலைக்குப் பயந்து கேட்காமல் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று பேரும் சேர்ந்து திரும்புவது என்பதுதான் ஏற்பாடு. இதை நான் ஒருவனாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. நம் பக்கம், திருக்கோகர்ணம் போகிற வழியில் அடுத்தடுத்து மூன்று மனைகள் வாங்கிப் போட்டோம். மேற்கு மனை எனக்கு, கிழக்கு வாத்தியாருக்கு, நடு மனை அடைக்கலத்துக்கு. நான் குன்றாண்டார்கோவில், வாத்தியார் ஆவூர், அடைக்கலம் கந்தர்வக்கோட்டை. மூவரும் இலங்கைக்கு வந்துதான் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டோம். மாத்தளைக்குக் கிழக்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்குப்பிள்ளை, வாத்தியார் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடம், அடைக்கலம் கீழே டவுனில் லாரி வைத்து ஏலக்காய் ஏற்றுகிறவன். எனக்கு மனைவி இல்லை. மகன் கொழும்பில் இருக்கிறான். எனக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறான். தனியாக ஊரில் போய் இறங்கினால் சாயங்காலத்தில் பேச்சுக்கு ஆள் கிடைக்காது என்பதை நான் ஒளிக்கவில்லை. என்னோடு படித்தவர்கள் பதினான்கு பேரில் இப்போது அங்கே இருப்பவர் இருவர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. அதனால்தான் மூன்று மனை, மூன்று பேர்.

2

மலைக்குப் போகலாம் என்றது வாத்தியார்தான். போன வருடம் மாசியில். "இத்தனை வருசம் இந்த மலைக்குக் கீழேயே கெடந்துட்டோம். ஒரு தடவை உள்ளே போய்ப் பாத்ததில்லை. ஊருக்குப் போனப்புறம் மலை எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, மேகமா இருந்துச்சுன்னா சொல்றது?" என்றார். நான்கு இரவு மலைக்குள் கூடாரம் போட்டுத் தங்குவது, கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் லக்கலை வரைக்கும் போய்த் திரும்புவது, அதற்குள் கப்பலேறும் நாளையும் பேசி முடிவு செய்துவிடுவது என்று திட்டம். பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் விட்ட ஜீப் ஒன்றை அடைக்கலம் எடுத்திருந்தான். மழைநீர் ஒழுகும் பட்டாளத்துக் கூடாரம் ஒன்றும் அதோடு இலவசம். ஒழுகும் என்பதை அவன் பிற்பாடுதான் சொன்னான்.

காட்டுக்குள் தங்க அனுமதி வேண்டும். அதற்கு மூன்று ஆபீஸ். மூன்றாவது ஆபீஸ் குமாஸ்தா எந்த ஜில்லா என்று கேட்டார். ஜில்லா இல்லை, சமஸ்தானம் என்றேன். மெட்ராஸ் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்றார். மெட்ராஸ் வேறு, நாங்கள் வேறு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மறுநாளும் போக வேண்டியதாயிற்று. அந்தச் சமஸ்தானமும் இப்போது மெட்ராஸோடு சேர்ந்துவிட்டதாகப் பத்திரிகையில் படித்தேன். ஒரு வருடம் முன்னதாகச் சேர்ந்திருந்தால் எனக்கு ஒரு நடை மிச்சமாகியிருக்கும்.

பங்குனி மாதம், ஒரு புதன்கிழமை காலையில் புறப்பட்டோம். தேயிலை முடிகிற இடத்தில் ரோடும் முடிந்தது. பிறகு மாட்டுவண்டித் தடம். அதற்குப் பிறகு தடம் என்று நாங்கள் நம்பிக்கொண்டது. ஜீப் ஏறியதைவிட நாங்கள் இறங்கி இறங்கி ஏறியதுதான் அதிகம். அட்டைகள் வேறு. என் காலில் மட்டும் பத்தொன்பது. வாத்தியார் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் இருபதுக்கு மேல் வந்திருக்கும்.

வழியில் ஏலக்காய்க் கொட்டகைக் காவற்காரச் சிங்களவர் ஒருவரோடு அடைக்கலம் நின்று பேசினான். இரண்டு பேரும் என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். முப்பத்தாறு வருடத்தில் சிங்களத்தில் எனக்கு ஒழுங்காக வந்தது எண்கள் மட்டும். "என்னப்பா சொல்றான்?" என்றேன். "இந்தப் பெரியவர் ஏன் உதட்டை அசைச்சுக்கிட்டே வர்றாருன்னு கேட்டான். மரத்தை எண்றாருன்னு சொன்னேன்" என்றான்.

முதல் ராத்திரிச் சாப்பாட்டிலேயே எரிச்சல் தொடங்கிவிட்டது. நான்கு நாளைக்கு மூன்று பேருக்கு என்று அளந்து கருவாடு கொண்டுவந்திருந்தேன். வாத்தியார் தவக்காலம் என்று தொடவில்லை. சரி, அது வருடாவருடம் தெரிந்த சங்கதி, என் மறதி. அடைக்கலமும் தட்டை நகர்த்தி வைத்தான்.

"ஒனக்கு என்ன? நீயும் வேதத்துல சேந்துட்டியா?"

"வயிறு சரியில்லண்ணே."

வயிறு சரியில்லாதவன் இரண்டு மரக்கால் சோற்றை மோர் மிளகாயோடு தின்றான். மரக்கால் என்பது கோபத்தில் எழுதியது. நிறையத் தின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் புழுக்கத்திலும்கூட ஒரே காக்கிச் சட்டையின் கையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டு வைத்திருந்தான். அதையும் நான் பார்த்தேன். அட்டைக்குப் பயந்து என்று நினைத்துக்கொண்டேன்.

3

மறுநாள் பகலில் கணவாய்க்கு வந்து சேர்ந்தோம். இந்தப் பக்கம் பார்த்தால் எங்கள் டவுனின் தகரக் கூரைகள். அந்தப் பக்கம் பார்த்தால் மானாப்புல் சரிவு, அதற்குக் கீழே காடு, அதற்கும் கீழே எங்கோ படிப்படியாக நெல் வயல். இவ்வளவு பாடுபட்டு வந்ததே அதில் இறங்கத்தான். அடைக்கலம் சரியாக மேட்டில் ஜீப்பை நிறுத்தினான். இறங்கி இரண்டு பக்கமும் நடந்து பார்த்தான். குனிந்து ஒரு ஓடையைப் பார்த்தான். திரும்பி வந்து ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றுகொண்டான்.

"ஏன் நிறுத்திட்டே?"

"பிரேக்கு பிடிக்கலண்ணே."

"இப்பப் பிடிச்சுத்தானே நிறுத்தினே?"

வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். அடைக்கலம் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, "அங்கிட்டு எறங்கக் கூடாதுண்ணே" என்றான்.

"யாரு சொன்னா?"

பொத்தானைக் கழற்றிக் கையை மேலே தள்ளினான். மஞ்சள் கயிறு. நடுவில் மஞ்சள் துண்டு. காப்பு.

"அடப்பாவி" என்றார் வாத்தியார். "எப்பக் கட்டினே?"

"செவ்வாக்கெழமை."

"கெளம்பினது புதன்கெழமை."

"ஆமா."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டால், திருவிழா முடிகிற வரைக்கும் ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே இராத் தங்கக் கூடாது. கையிலும் கட்டிக்கொண்டவன் என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே டவுனிலும் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. வருடாவருடம் காப்புக் கட்டுகிறார்கள். நாங்கள் மூவரும் அதைத் தள்ளி நின்று பார்ப்பவர்கள். வாத்தியாருக்கு வேதம் வேறு. எங்கள் இருவருக்கும் ஊர் வேறு. அவரவர் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரியை மணியார்டரில் அனுப்பிவிட்டு, இங்கே விருந்தாளி மாதிரி வேட்டியை மடித்துக் கட்டாமல் நிற்பது வழக்கம்.

"காப்புக் கட்டினவன் ராத்திரி வெளியே தங்கலாமா?" என்றேன்.

"கூடாது."

"நேத்து எங்கே படுத்தே?"

"எல்லைக்குள்ளதான் படுத்தேன்."

"ஊரு அங்கே கீழே கெடக்கு, பன்னெண்டு மைல்."

"ஊரு கெடக்குதுண்ணே. எல்லை இங்கிட்டு வரைக்கும் வருதுல்ல. நம்ம ஆத்தாளுக்குக் கரகம் எடுக்குற ஆத்துத் தண்ணி எங்கேருந்து வருது? இந்த மேட்டுலேருந்து. இங்கிட்டு விழுற மழை நம்ம ஆத்துக்கு. அங்கிட்டு விழுறது வேற ஊருக்கு. அப்ப எல்லை எது?"

இந்த நியாயம் உங்களுக்கு உடனே விளங்கும். இந்த மலைநாட்டில் ஒருவருக்கும் விளங்காது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் இரண்டு ஊருக்கு நடுவே ஒரு மேட்டுக்காடு தகராறு என்றால் எல்லைக் கல்லையா தேடுவார்கள்? மழை பெய்யட்டும் என்று காத்திருப்பார்கள். பெய்ததும் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் குடைபிடித்துக்கொண்டு நின்று, தண்ணீர் எந்தக் கண்மாய்க்கு ஓடுகிறது என்று பார்ப்பார்கள். எந்தக் கண்மாய்க்கு வரத்தோ அந்த ஊர் நிலம். அடைக்கலத்தின் தகப்பனார் அப்படி நின்று வழக்குத் தீர்த்தவர் என்று அவனே என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறான். வானம் பார்த்த பூமியில் கற்றதை இந்தப் பாழாய்ப்போன மலையில் கொண்டுவந்து வைக்கிறான்.

"இந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பக்கம் ஓடினாலும் எல்லாம் கடைசியில மகாவலி கங்கையிலதான் சேருது. மேப்புல பாத்திருக்கேன்" என்றேன்.

"நம்ம ஊர்த் தண்ணியும் கடல்லதான் சேருது. அதுக்காகக் கடல் நம்ம ஊரா?"

வாத்தியார் இப்போது மறைத்துச் சிரிக்கவில்லை.

எனக்கு வந்த கோபம் லக்கலைக்குப் போகமுடியாததற்கு அல்ல. காப்பைப் பார்த்த நிமிடத்திலேயே நடு மனை போயிற்று என்று தெரிந்துவிட்டது. ஒருவன் இரண்டு ஊர்க் காப்பைக் கட்டிக்கொள்ள முடியாது.

"அப்ப நீ வரல" என்றேன்.

"வரலண்ணே."

"மனை?"

"கெடக்கட்டும்."

"எட்டு வருசமா பேசினது?"

"அண்ணே, காப்புக் கட்டுறப்ப எவன் அந்த ஊர்ல ராத் தங்குறானோ அவன்தானே ஊர்க்காரன்? முப்பத்திரெண்டு வருசமா நான் எங்கே ராத் தங்குறேன்? நீங்க கணக்குப்பிள்ளையாச்சே, போட்டுச் சொல்லுங்க. இங்கிட்டுப் பொறந்த எம் பேரன் அங்கிட்டு வந்தா விருந்தாளி. ரெண்டு நாள் கோழி அடிப்பாங்க. மூணாம் நாள் எப்பப் போறேம்பாங்க."

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று வாத்தியார் எனக்குப் பதிலாகச் சொன்னார். அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"இதைப் பொறப்படுறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க கெளம்பி வந்திருக்க மாட்டீங்க. வாத்தியாரு கப்பல் ஏறிடுவாரு. ஒரு தடவையாச்சும் மூணு பேரும் சேந்து எங்கிட்டாவது போவோம்னு இருந்துச்சு."

4

அன்று மேட்டுக்கு இந்தப் பக்கமே கூடாரம் போட்டோம். கூடாரம் ஒழுகியது. நான் அவனோடு பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட வாத்தியாரிடம் கேட்டேன். அவர் அடைக்கலத்திடம் கேட்டு வாங்கி என்னிடம் கொடுத்தார். இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற உப்பு.

மூன்றாம் நாள், வந்ததற்கு மலையின் முதுகிலேயே வடக்கே போய்ப் பார்ப்போம் என்று வாத்தியார் சமாதானம் செய்தார். பாழடைந்த ஏலத் தோட்டம் ஒன்றின் வழியாகத் தடம் போயிற்று. மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. ஜீப்பின் மூக்கு தெரிந்தது, அதற்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. தடம் ஏறியது, இறங்கியது, வளைந்தது. காற்றில்லாத ஒரு பள்ளம் கிடைத்ததும் இதுவே போதும் என்று இறங்கிவிட்டோம். அடைக்கலம் பள்ளத்து ஓடையைப் பார்த்துவிட்டு, "இது நம்ம தண்ணிதான்" என்றான். பனிக்குள் எதை வைத்துச் சொன்னானோ.

வெளிச்சம் இருக்கும்போதே தண்ணீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு நான் ஓடையோடு கொஞ்ச தூரம் கீழே போனேன். அப்போது பனி ஓர் இடத்தில் கிழிந்தது. கீழே தேயிலையும் இல்லை, தகரக் கூரையும் இல்லை. முந்தின நாள் கணவாயிலிருந்து பார்த்த அதே படிப்படியான நெல் வயல்கள். ஓடை நேரே அவற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குத் தெரியாமலே மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தோம். பனி மறுபடியும் மூடிக்கொண்டது.

கெண்டியில் தண்ணீர் நிறைந்து வழிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றேன். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அவன் இங்கே தூங்கட்டும். காலையில் பனி விலகியதும் தானே பார்ப்பான். எல்லைக்கு வெளியே இராத் தங்கிய காப்பு காப்பே அல்ல. கயிற்றை அறுத்து ஆற்றில் விடவேண்டியதுதான். பிறகு என்ன, ஊர்ப் பேச்சை மறுபடியும் எடுக்கலாம். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

திரும்பி வந்து வாத்தியாரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கூடார ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். கல்லைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"இவ்வளவு சிரமப்பட்டு அடிச்ச கூடாரம்" என்றேன்.

"கூடாரம்தானே, கணக்குப்பிள்ளை."

நான்தான் சொன்னேன். இரண்டு நாளில் அவனோடு நேராகப் பேசியது அதுதான். "அடைக்கலம், இது அந்தப் பக்கத்துத் தண்ணி. நான் பாத்தேன்."

அவன் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை. உலையில் பாதி வெந்த சோற்றை அப்படியே மூடி ஜீப்பில் வைத்தான்.

5

இருட்டுவதற்குள் மேட்டைத் தாண்ட வேண்டும். வந்த தடம் சேறாகியிருந்தது. ஜீப் நான்கு சக்கரத்தாலும் சேற்றை எங்கள் மேல் வாரி இறைத்ததே தவிர நகரவில்லை. அவன் ஓட்ட, நானும் வாத்தியாரும் பின்னால் தள்ளினோம். எனக்கு வயது அறுபத்தேழு, வாத்தியாருக்கு அறுபத்துநான்கு. இரண்டு பேரையும் கூட்டினால் நூற்று முப்பத்தொரு வருடம் அந்த ஜீப்பைத் தள்ளியது.

"என் ஆண்டவருக்கு இந்தத் தொல்லையெல்லாம் கெடையாது" என்றார் வாத்தியார் மூச்சிரைத்துக்கொண்டு. "எங்கே படுத்தாலும் தவக்காலம் தவக்காலந்தான்."

"பேசாமத் தள்ளுங்க."

"பேசினாத்தான் தள்ள முடியுது."

சமதரை மாதிரி ஓர் இடம் வந்ததும் அடைக்கலம் நிறுத்தி இறங்கினான். பனியில் எது உச்சி என்று தெரியவில்லை. கெண்டியை எடுத்து ஒரு பாறையின் மேல் தண்ணீரை ஊற்றினான். குனிந்து பார்த்தான். தண்ணீர் தயங்கிவிட்டு, திரும்பி எங்கள் கால் பக்கமே வந்தது.

"இன்னும் வரல" என்றான்.

"அது காப்பித் தண்ணி" என்றேன். யார் கேட்டது? இன்னும் கொஞ்சம் தள்ளினோம். மறுபடியும் இறங்கினான், மறுபடியும் ஊற்றினான். இந்தத் தடவை தண்ணீர் எங்களை விட்டு, பாறையின் அடுத்த விளிம்புக்குப் போய், அந்தப் பக்கம் சொட்டியது. அவன் கெண்டியை வைத்துவிட்டு, அந்தச் சொட்டுகளுக்குக் கீழே கையை நீட்டி நெற்றியில் தடவிக்கொண்டான். ஏறி உட்கார்ந்தான். நாங்கள் கடைசியாக ஒரு தடவை தோள் கொடுத்தோம்.

கொஞ்சம் நகர்ந்ததும் வண்டி தானாகவே உருண்டது. கையை எடுத்துவிட்டோம். எங்கள் உள்ளங்கைகளில் சேறு மட்டும் இருந்தது. பின் விளக்கு ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது. அதுவும் பனிக்குள் போய்விட்டது. நானும் வாத்தியாரும் மேட்டிலேயே நின்றோம். எட்டு வருடமாக அவனை எந்தப் பக்கம் கொண்டுபோக நினைத்தேனோ அதற்கு எதிர்ப் பக்கம் நானே தள்ளிவிட்டிருக்கிறேன். இதற்கு ஒரு முதுகுவலி வேறு.

"வாங்கண்ணே, இங்கிட்டு வழுக்குது, பாத்து வாங்க" என்று கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

போனோம். வேறு எங்கே போவது? பாதி வெந்த சோற்றைத் தின்றோம். மறுநாளே டவுனுக்கு இறங்கிவிட்டோம். நான்கு இரவு என்று போன பயணம் மூன்று இரவில் முடிந்தது. கருவாடு முழுவதும் அப்படியே திரும்பி வந்தது.

6

வாத்தியார் அந்தச் சித்திரையிலேயே கப்பலேறினார். ஸ்டேஷனில் அடைக்கலமும் நானும் நின்றோம். "மேற்கு மனைக்கு எப்ப?" என்று என்னைக் கேட்டார். மகனைப் பார்த்துப் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு மூன்று தடவை பெட்டி கட்டினேன். ஒரு தடவை மழை, ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை கப்பலேறுவதற்கான அனுமதிச் சீட்டில் என் தகப்பனார் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள். காரணங்கள் உண்மையானவை. யாரும் சிரிக்க வேண்டாம்.

இந்தப் பங்குனியில் அதே அனுமதிச் சீட்டுக்காகக் கொழும்புக்குப் போனேன். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மகன் வீட்டுக்குப் போனேன். மருமகள் நல்லவள், எனக்கென்று கட்டில் விரித்து வைத்திருந்தாள். பேரன் என்னிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான். நான் ஒன்று முதல் பத்து வரை சொல்லிக் காட்டினேன். அது போதும் என்று ஓடிவிட்டான். சாப்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க? நாளைக்கு ஆபீஸ் போகணும்ல?"

"சாயங்கால ரயிலுக்குப் போறேன். நாளைக்குக் காலையில திரும்பி வாரேன்."

"நூறு மைல் போய்ட்டு நூறு மைல் திரும்பி வரவா? ராத்திரி இங்கே தங்குறதுக்கென்ன?"

"இல்லப்பா. காப்புக் கட்டியிருக்கு."

மகன் என் மணிக்கட்டைப் பார்த்தான். வலது கையைப் பார்த்தான், பிறகு இடது கையையும் பார்த்தான்.

"உங்க கையில ஒண்ணும் இல்லையே."

"கையில இல்லடா" என்றேன், எரிச்சலோடு. "ஊருக்குக் கட்டியிருக்கு."